லூசில் பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசிகளில் சுற்றிவரும் ஒரு சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைப் பார்த்துவிட்டு, அதில் நடித்த பெண்மணியைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பலர். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் எனக்குள்ள ஈடுபாட்டை அறிந்தவர்கள் அவர்கள். கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை என்பதால், கேட்டவர்களின் வாய்மொழியை அப்படியே வைத்துக்கொண்டு, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

யாருங்க இந்த அம்மா? சினிமா நடிகையா, டிவி நடிகையா?

இரண்டிலும் நடித்தவர். ஆனால் வரலாற்றில் அவருக்கு இடம் தந்தது தொலைக்காட்சிதான். லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1930களிலும் 40களிலும் ஏராளமான ஹாலிவுட் படங்களில் நடித்தும் முதல் வரிசைக்கு வர முடியாமல் போன அவர், 1951 அக்டோபர் 15 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஐ லவ் லூஸி’ தொடரின் வழியாக, அமெரிக்காவில் மிக அதிகமானோர் அறிந்த முகமானார். அப்போது அவருக்கு வயது 40. நடிகைகளுக்குப் பொதுவாக வாய்ப்புகள் குறையத் தொடங்கும் வயது அது.

பேரு ‘பால்’னா, குடிக்கிற பாலா?

இல்லை. ‘பந்து’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலிதான். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காட்ட வழியில்லாததால் இந்தக் குழப்பம் தீரப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் நடிகையை லூசில் என்றும், அவர் ஏற்ற கதாபாத்திரத்தை லூஸி என்றும் எழுதியிருக்கிறேன். இந்த இருவரையும் ஒருவராக நினைத்துக்கொள்வதால்தான் கீழே உள்ள பாதிக் கேள்விகள் எழுகின்றன.

‘ஐ லவ் லூஸி’ எதைப் பத்தின கதை?

நியூயார்க்கில் ஒரு வாடகைக் குடியிருப்பு. கணவன் ரிக்கி ரிக்கார்டோ, கியூபாவிலிருந்து வந்து இரவு விடுதியில் இசைக்குழு நடத்துபவன். மனைவி லூஸிக்கு எப்படியாவது மேடை ஏறிவிட வேண்டும் என்ற தீராத ஆசை. அதற்கு அவள் போடும் திட்டங்களும், அவை கவிழ்கிற விதமும், உடன் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரத் தம்பதி எத்தியல், ஃபிரெட் ஆகியோரும்தான் கதை. 1957 வரை 180 அரைமணி நேரப் பகுதிகள் வெளிவந்தன. அதன்பின் 1960 வரை 13 ஒருமணி நேரச் சிறப்புப் பகுதிகள்.

கதையில் அவர்கள் முகவரி கிழக்கு 68ஆம் தெரு, எண் 623. அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய எண் கிடையாது. கணக்குப் பார்த்துக்கொண்டே போனால் அந்த வீடு ஆற்றுக்குள் இருக்க வேண்டும்.

சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாமே?

உண்மைதான். தந்தை தொலைபேசிக் கம்பித் தொழிலாளி. லூசிலுக்கு மூன்று வயதாக இருந்தபோது டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். அப்போது தாய் டீடீ கருவுற்றிருந்தார். பின்னர் ஜேம்ஸ்டவுனை அடுத்த செலரான் என்ற ஏரிக்கரை ஊரில் தாய்வழித் தாத்தா வீட்டில் வளர்ந்தார். 1927இல் அந்த வீட்டுத் தோட்டத்தில் தாத்தாவின் மேற்பார்வையில் பிள்ளைகள் துப்பாக்கி சுட்டுப் பழகியபோது, அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் மீது குண்டு பாய்ந்து அவன் நடக்க முடியாதவனானான். தொடர்ந்து வந்த வழக்கில் குடும்பம் வீட்டை இழந்தது. இந்தத் தாத்தாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்யூனிஸ்ட் விவகாரத்தில் மறுபடி வருவார்.

பதினைந்து வயதில் நியூயார்க் நகரின் நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அங்கு அனைவரின் பார்வையும் உடன் பயின்ற பெட்டி டேவிஸ் மீது இருந்தது. கூச்ச சுபாவமுள்ள இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போ சினிமாவுல ஏன் பெரிய ஆளா வரலை?

விளம்பர அழகியாக இருந்த அவர், 1933இல் ஒரு படத்தின் நடனக் குழுவில் ஒருவராக ஹாலிவுட்டுக்கு வந்தார். ஆர்கேஓ நிறுவனத்திலும் பின்னர் எம்ஜிஎம் நிறுவனத்திலும் வாரச் சம்பளத்தில் இருந்தார். ஒருசில படங்களில் கவனிக்கப்பட்டாலும், குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, பெரிய படத்துக்குத் துணையாகத் திரையிடப்படும் ‘பி’ படங்களின் ராணி என்றே பெயர் வாங்கினார். அழகான பெண்ணை இழுத்து வைத்து அடிபடவும் வழுக்கி விழவும் விடலாம் என்ற எண்ணம் அன்றைய படமுதலாளிகளுக்குத் தோன்றவில்லை என்பதே என் கணிப்பு. மௌனப்படக் காலத்து மாமேதை பஸ்டர் கீட்டன், வாய்ப்பிழந்து எம்ஜிஎம்மில் இருந்த நாட்களில், இவருடைய திறமையை அடையாளம் கண்டு, மேடைப் பொருட்களைக் கையாளும் நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பயிற்சிதான் பின்னாளில் பயன்பட்டது.

கணவரா வர்றவர் நிஜமாவே கணவர்தானா?

ஆம். ரிக்கியாக நடித்த டெசி ஆர்னாஸ் கியூபாவின் சாந்தியாகோ நகரில் பிறந்தவர். தந்தை அந்நகரின் மேயராக இருந்தவர். 1933 புரட்சியில் எல்லாவற்றையும் இழந்த குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. ‘டூ மெனி கேர்ள்ஸ்’ படத்தில் சந்தித்து, 1940 நவம்பர் 30 அன்று இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் லூசிலைவிட ஏறக்குறைய ஆறு வயது இளையவர்.

வானொலியில் லூசில் நடத்திவந்த குடும்ப நகைச்சுவைத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சிபிஎஸ் விரும்பியபோது, கணவர் வேடத்துக்கு டெசிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இசைப் பயணங்களில் கணவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததால் நலிந்த இல்லறத்தைக் காப்பாற்றும் எண்ணமும் அதில் இருந்தது. கியூப உச்சரிப்புள்ள ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. 1950இல் இருவரும் மேடை நிகழ்ச்சியாகவே அதை நடத்திக்காட்டி, மக்கள் ஏற்கிறார்கள் என்று நிரூபித்த பிறகே வழி திறந்தது.

1951ல எடுத்தது இன்னைக்கும் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அன்று பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. நேரலையைச் சேமிக்க வேண்டுமானால், தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து அந்தத் திரையையே படம் பிடிப்பார்கள். கினெஸ்கோப் எனப்பட்ட அந்தப் பிரதி மங்கலாக, சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பங்கு நாட்டின் கிழக்கிலும் நடுமேற்கிலும் இருந்ததால், தொடரின் விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் பிலிப் மாரிஸ், இருவரும் நியூயார்க்குக்கு வர வேண்டும் என்றது. கலிபோர்னியாவை விட்டு நகர அவர்கள் மறுத்தார்கள்; அந்த ஆண்டு ஜூலையில்தான் முதல் குழந்தை, லூஸி என்றே பெயர் கொண்ட மகள், பிறந்திருந்தாள்.

இரு தரப்புக்கும் ஒத்துவந்த வழி, தொடரை 35 மி.மீ. திரைப்படச் சுருளிலேயே எடுப்பது. செலவு கூடும் என்று முணுமுணுப்பு எழுந்தது. வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்வதாகவும், அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமை தங்கள் டெசிலு நிறுவனத்துக்கே வர வேண்டும் என்றும் டெசி கேட்டார். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடி யார் பார்ப்பார்கள் என்று எண்ணிய காலம், எளிதில் தந்துவிட்டார்கள். 1953இல் லூசில் பிரசவ ஓய்வில் இருந்தபோது, பழைய பகுதிகளையே மீண்டும் ஒளிபரப்பினார்கள். மக்கள் அலுத்துக்கொள்ளாமல் பார்த்தார்கள். பின்னர் அதே சிபிஎஸ், பல மில்லியன் டாலர் கொடுத்து அந்தச் சுருள்களை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1957இல் டெசிலு வாங்கிய சொத்து ஆர்கேஓவின் படப்பிடிப்புத் தளங்கள். லூசில் ஒரு காலத்தில் வாரச் சம்பளத்துக்கு நின்ற அதே இடம்.

அப்போ மூணு கேமரா வெச்சு எடுக்குறத கண்டுபிடிச்சதே இவங்கதானே?

பலரும் அப்படி எழுதுகிறார்கள். கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட திரைப்படக் கேமராக்களால் தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுக்கும் முயற்சிகள் முன்பே நடந்திருந்தன. ஏறத்தாழ 300 பேர் உட்கார்ந்து பார்க்க, அவர்கள் முன்னால் ஒரு கதையை நாடகம்போல் வரிசையாக நடித்து, அதை ஒரே நேரத்தில் மூன்று திரைப்படக் கேமராக்களால் பிடித்து, வாரந்தோறும் தரம் குறையாமல் தரும் ஏற்பாட்டை நிலைநாட்டியவர்கள் இவர்கள். கேமராவுக்கு ஏற்றபடி விளக்குகளை மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லாததால், எல்லாக் கோணத்துக்கும் பொருந்தும் சீரான ஒளியமைப்பு தேவைப்பட்டது. அதை வகுத்தவர் ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் ஃபிராய்ண்ட்.

பின்னாடி கேக்குற சிரிப்புச் சத்தம் உண்மையா, ஒட்டவெச்சதா?

முந்தைய பதிலில் சொன்ன 300 பேரின் சிரிப்புதான். லூசிலின் தாய் டீடீ படப்பிடிப்புகளுக்குத் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுவார். மகள் ஏதோ வம்பில் மாட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் ‘அய்யய்யோ’ என்பதுபோல் ஒரு பெண்குரல் சில பகுதிகளில் தனியாகக் கேட்கும், அது அவருடையது.

சாக்லேட் காட்சியில நிஜமாவே சமாளிக்க முடியாமதான் திணறுனாங்களா?

1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான பகுதி அது. ஆண்கள் வீட்டு வேலையையும் பெண்கள் சம்பாதிப்பதையும் மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் ரிக்கி ஆளுக்கு ஒரு பவுண்டு அரிசி என்று கணக்குப் போட்டு உலையில் கொட்ட, சோறு பொங்கி அடுப்படி முழுவதும் வழிகிறது. தொழிற்சாலையில் லூஸியும் எத்தியலும் ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்ற வேண்டும்.

அந்தக் காட்சியில் கைகளை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். முதலில் இரண்டு மூன்று சாக்லேட்டுகளை லூஸி பெருமிதத்தோடு, ஒழுங்காகச் சுற்றுகிறாள். இது நமக்கு வந்துவிடும் என்ற தெம்பு முகத்தில் இருக்கிறது. பட்டை வேகமெடுத்ததும் கண் மட்டும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஓடுகிறது. பிறகுதான் வாய், தொப்பி, சட்டைக்குள் என்று திணிப்பு தொடங்குகிறது. மேற்பார்வையாளர் வந்து, சுற்றாத சாக்லேட் ஒன்றுமில்லை என்று கண்டு பாராட்டி, வேகத்தைக் கூட்டச் சொல்லும்போது, அடைத்த வாயோடு இருவரும் நிமிர்ந்து நிற்கும் அந்த நொடி ஒத்திகை பார்க்காமல் வராது. வாரத்தின் பெரும்பகுதி ஒத்திகையிலேயே கழியும். பொருளின் எடை, வழுக்கல், ஒட்டும் தன்மை எல்லாவற்றையும் பழகிப் பார்த்த பிறகே லூசில் கூட்டத்தின் முன் வருவார். இதே பகுதியில் லூஸியின் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நடிகை அல்லர்; சாக்லேட் தோய்க்கும் வேலையையே தொழிலாகச் செய்தவர். அவர் லூஸியை அறையும் அடி மட்டும் எதிர்பார்த்ததைவிடப் பலமாகவே விழுந்தது.

‘கர்ப்பம்’னு சொல்லவே கூடாதுன்னு தடை போட்டாங்களாமே?

1952இல் லூசில் இரண்டாவது முறை கருவுற்றபோது, அதைக் கதையிலேயே சேர்த்துவிட முடிவு செய்தார்கள். சிபிஎஸ்ஸும் விளம்பரதாரரும் பதறினார்கள். இறுதியில் அந்தச் சொல்லைத் தவிர்த்து ‘எதிர்பார்க்கிறாள்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பகுதிகளின் வசனங்கள் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட், யூதக் குருமார் மூவரிடம் காட்டி ஒப்புதல் பெறப்பட்டன. நாம் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சுற்றிவளைத்துச் சொல்வதைப்போலத்தான்.

1953 ஜனவரி 19, திங்கட்கிழமை. அன்று பகலில் லூசில் அறுவைச் சிகிச்சை மூலம் மகனைப் பெற்றார். அன்றிரவே, முன்கூட்டி எடுத்திருந்த லூஸியின் பிரசவப் பகுதி ஒளிபரப்பானது. அதை ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் சுமார் 2.9 கோடி.

கதையில வர்ற குட்டி ரிக்கி அவங்க சொந்தப் பையன்தானே?

இல்லை. இந்த நம்பிக்கை மட்டும் எத்தனை முறை மறுத்தாலும் போவதில்லை. கைக்குழந்தையாக வெவ்வேறு குழந்தைகள் நடித்தனர். வளர்ந்த பிறகு வருபவர், மேளம் வாசிக்கத் தெரிந்த சிறுவன் கீத் திபோடோ. நிஜப் பிள்ளைகளான லூஸி ஆர்னாஸும் டெசி ஆர்னாஸ் ஜூனியரும் 1968 முதல் 1974 வரை வந்த ‘ஹியர்ஸ் லூஸி’ தொடரில் தாயோடு முக்கிய வேடங்களில் நடித்தார்கள்.

அவங்க கம்யூனிஸ்டா?

1936இல் வாக்காளர் பதிவின்போது கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரைக் குறிப்பிட்டது உண்மை. சோசலிசத்தில் ஊறிய தாத்தாவின் மனம் கோணக்கூடாது என்பதற்காகச் செய்தது என்றும், தான் கட்சியில் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் 1953 செப்டம்பர் 4 அன்று கம்யூனிஸ்ட் தொடர்புகளை விசாரித்துவந்த நாடாளுமன்றக் குழுவின் விசாரணையாளரிடம் வாக்குமூலம் அளித்தார். இரண்டு நாள் கழித்து, வம்புச் செய்திகளுக்குப் பேர்போன பத்திரிகையாளர் வால்டர் வின்செல் தம் வானொலி நிகழ்ச்சியில் இதை ஜாடையாகக் கசியவிட்டார். வெறும் சந்தேகத்தின் பேரிலேயே பலர் வேலை இழந்துகொண்டிருந்த காலம் அது.

செப்டம்பர் 11 மாலை படப்பிடிப்புக்கு வந்த கூட்டத்தின் முன் டெசி வந்து நின்று, தன் மனைவியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்றார். கூட்டம் எழுந்து கைதட்டியது. குழுவினரும் அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று அறிவித்தார்கள். விளம்பரதாரரும் கைவிடவில்லை. இவ்வளவு புகழும் லாபமும் இல்லாத ஒரு நடிகை இதே வாக்குமூலத்தைக் கொடுத்திருந்தால் தப்பியிருப்பாரா என்ற ஐயம் எனக்கு உண்டு.

அப்போ அந்தச் செந்நிற முடி?

டெசி சொன்னது சரியே. இயற்கையில் பழுப்பு, தொடக்கப் படங்களில் பொன்னிறம், 1940களின் முற்பகுதியில் எம்ஜிஎம்மின் வண்ணப்படம் ஒன்றுக்காகச் செந்நிறம் பூசி, பிறகு அதையே வைத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் ‘ஐ லவ் லூஸி’ கறுப்புவெள்ளைத் தொடர். நீங்கள் வண்ணத்தில் பார்த்திருந்தால், அது அண்மை ஆண்டுகளில் கணினியில் வண்ணமேற்றப்பட்ட பிரதி.

இவ்வளவு அன்யோன்யமா இருந்தவங்க ஏன் பிரிஞ்சாங்க?

அன்யோன்யமாக இருந்தவர்கள் ரிக்கியும் லூஸியும். டெசியின் குடிப்பழக்கமும் பிற பெண்களுடனான தொடர்பும் வீட்டில் நெடுநாள் சச்சரவாக இருந்தன. 1944இலேயே லூசில் ஒருமுறை மணவிலக்கு கோரி, பின் சமாதானமாகியிருந்தார். 1960 மார்ச் 2 அன்று கடைசிச் சிறப்புப் பகுதியின் படப்பிடிப்பு. கதைப்படி இறுதியில் ஒரு முத்தம். வசனம் தவிர ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல் நடித்து வந்த இருவரும் அந்த இடத்தில் கலங்கிப்போனார்கள். மறுநாள் லூசில் மணவிலக்கு மனுவைத் தாக்கல் செய்தார். 1961இல் நகைச்சுவைக் கலைஞர் கேரி மார்ட்டனை மணந்து இறுதிவரை அவருடன் வாழ்ந்தார். டெசியுடனான நட்பு விட்டுப்போகவில்லை.

ஸ்டுடியோவுக்கே முதலாளியான முதல் பெண் இவங்கதானா?

அளந்து சொல்ல வேண்டிய விஷயம். மேரி பிக்ஃபோர்ட் 1919இலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். ஒரு பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்திய முதல் பெண் என்றால் லூசில்தான். 1962இல் டெசியின் பங்கை விலைக்கு வாங்கி டெசிலுவின் தலைவரானார். அதே ஆண்டு தொடங்கிய ‘தி லூஸி ஷோ’வில் நடித்துக்கொண்டே இதையும் கவனித்தார். கணக்கு வழக்குகளில் தனக்கு ஈடுபாடு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 1967இல் 1.7 கோடி டாலருக்கு நிறுவனத்தை கல்ஃப் அண்ட் வெஸ்டர்னுக்கு விற்றார்.

‘ஸ்டார் ட்ரெக்’ வந்ததே இவங்களாலதான்னு சொல்றாங்களே?

அந்த விண்வெளித் தொடரின் கதையை எழுதியவர் ஜீன் ராடன்பெரி. டெசிலுவுக்குக் கொண்டுவந்து வளர்த்தவர்கள் அங்கிருந்த அதிகாரிகள். முதல் மாதிரிப் பகுதியை என்பிசி நிராகரித்து, வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது மாதிரி கேட்டது. செலவைக் கண்டு நிறுவனத்தின் இயக்குநர் குழு பின்வாங்கப் பார்த்தபோது, தலைவர் என்ற முறையில் லூசில் தொடரச் சொன்னார். கற்பனை அவருடையதன்று, ஆனால் அவர் மறுத்திருந்தால் 1966இல் டெசிலுவிலிருந்து அது வந்திருக்காது.

பல்லுக்குள்ள ரேடியோ கேட்டுச்சாமே? ஜப்பான் ஒற்றரைப் பிடிச்சாங்களாமே?

உலகப் போர்க் காலத்தில் காரில் போகும்போது தன் பல்லில் அடைத்த ஈயத்தின் வழியாக மோர்ஸ் ஒலி கேட்டதாக லூசிலே சொல்லிவந்த கதை இது. ஒற்றர் யாரும் இதனால் பிடிபட்டதாகச் சான்று இல்லை. மொன்டானாவில் பிறந்ததாகவும் அவர் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைவில் வைத்து இதையும் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசித் தொடர் ஏன் ஓடலை?

1986இல் ஏபிசியில் வந்த ‘லைஃப் வித் லூஸி’யில் அவருக்கு வயது 75. எடுத்த 13 பகுதிகளில் எட்டோடு ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. நாற்பது வயதுப் பெண் ஏணியிலிருந்து விழுந்தால் சிரிப்பு வரும். எழுபத்தைந்து வயதில் விழுந்தால் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். அதே உடல் சேட்டைகளை எழுதிக்கொடுத்தவர்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று டெசி இறந்தார். ஐந்து நாள் கழித்து லூசிலுக்குக் கலைஞர்களின் வாழ்நாள் சாதனைக்கான கென்னடி மையக் கௌரவம் வழங்கும் விழா நடந்தது. அதற்கென டெசி முன்பே எழுதிவைத்திருந்த வரிகளை நடிகர் ராபர்ட் ஸ்டாக் மேடையில் வாசித்தார். ‘ஐ லவ் லூஸி’ என்பது ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை என்பது அதன் கடைசி வரி. மேல்தளத்தில் அமர்ந்திருந்த லூசிலின் முகத்தைக் கேமரா அப்போது காட்டியது.

எங்க அடக்கம் செஞ்சாங்க? அந்தப் பயங்கரமான சிலை எங்க இருக்கு?

1989 ஏப்ரல் 26 அன்று, பெருநாடி வெடித்து, லாஸ் ஏஞ்சலஸில் 77ஆம் வயதில் இறந்தார். அங்கே வைக்கப்பட்டிருந்த அஸ்தியைப் பிள்ளைகள் 2002இல் ஜேம்ஸ்டவுனுக்குக் கொண்டுவந்து, குடும்பக் கல்லறையில் சேர்த்தார்கள்.

சிலை இருப்பது செலரானில், அவர் பெயரிலுள்ள பூங்காவில். 2009இல் வைக்கப்பட்ட வெண்கலச் சிலை, ஒரு பகுதியில் லூஸி விளம்பரம் செய்து போதையேறும் வைட்டமீட்டாவெஜமின் டானிக் புட்டியோடும் கரண்டியோடும், குழந்தைகள் அலறும்படியான முகத்தோடு நின்றது. ஊரே எதிர்த்த பிறகு, 2016இல் அவருடைய பிறந்தநாளன்று கரோலின் பால்மர் செய்த புதிய சிலை நிறுவப்பட்டது. பழையதை உருக்கிவிடவில்லை; அதே பூங்காவில் சற்றுத் தள்ளி வைத்துவிட்டார்கள். வருகிறவர்கள் இரண்டோடும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.